நின்ற காரில் நில்லாத மின்சாரம்

இல்லத்தார்க்கு இயந்திர அறிவு

நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுப்பது மருத்துவம் ஆகாது. மனித உடலைப் பொறுத்தவரை இவ்வுண்மையை ஒப்புக்கொள்ளும் நம்மவர், மோட்டார் காரைப் பொறுத்தவரை அதனை எளிதில் மறந்துவிடுகின்றனர். மாலையில் நன்றாக ஓடிவந்து வாயிலில் நின்ற கார், இரண்டு நாள் கழித்துச் சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என்ற ஒலியோடு அடங்கிவிடுகிறது. முகப்பு விளக்குகள் மங்கி எரிகின்றன; ஹாரனும் நலிந்த குரலில் முனகுகிறது. "பாட்டரி போய்விட்டது" என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்பளிக்க, சில ஆயிரம் ரூபாய் செலவில் புதிய பாட்டரி வந்து அமர்கிறது. சில திங்கள் சென்றபின் புதியதும் பழையதன் வழியே போய்விடுகிறது. இவ்வாறு நேர்வது ஏன், இதனை இல்லத்தாரே ஆராய்ந்தறியும் முறை யாது என்பதே இத்திங்கள் நாம் கூறப் புகும் பொருள்.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கு இஃது ஏனையோரினும் சற்று அதிகமாகவே வேண்டிய அறிவு. பள்ளி விடுமுறை தொடங்கியதும் தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் நாம் ரயிலேறிச் சொந்த ஊர் செல்கிறோம். கார் ஒரு திங்கள் முழுதும் அசையாது நிற்கிறது. ஊரிலிருந்து அழைத்து வந்த முதியோரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டிய வேளையும் வருகிறது; அன்று பார்த்துக் கார் கைவிடுமாயின் அதன் துன்பம் சொல்லுந்தரமன்று. மேலும், மெக்கானிக்கிடம் குறையை விளக்குதற்குரிய இந்திச் சொல்லோ வங்காளிச் சொல்லோ நம் நாவில் உடனே வாராத இடர்ப்பாடும் உண்டு. ஆனால் எண் எல்லா மொழிக்கும் பொது. "நிற்கும்போது 400 மில்லி ஆம்பியர் போகிறது" என்று கூறக்கூடியவரிடம் வேண்டாத பொருளை எவரும் எளிதில் விற்றுவிட முடியாது.

குதிரும் எலித்துளையும்

ஈயமும் கந்தக அமிலமும் கொண்டு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் முறையை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே கண்டார். இன்று நம் கார்களில் இருக்கும் 12 வோல்ட் பாட்டரியும் அவ்வினத்தைச் சார்ந்ததே. அதனுள் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் நிறைந்த நிலையில் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லையை ஒழிக்கச் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியறிஞர் வகுத்த மின் ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம் பெற்றது. அன்று முதல் பாட்டரியின் தலையாய பணி, சில வினாடிகளுக்கு நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட பெரும் மின்னோட்டத்தை ஸ்டார்ட்டருக்கு அளிப்பதாகும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின், செலவான மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி மீண்டும் நிரப்பிவிடுகிறது.

ஆகவே பாட்டரியை நெல் சேமிக்கும் குதிருக்கு ஒப்பிடலாம். குதிர் காலியாவதற்கு மூன்று காரணங்களே உண்டு. குதிரே விரிசல் கண்டு பழுதாகியிருக்கலாம். போதிய நெல் உள்ளே வந்து சேராதிருக்கலாம். அல்லது அடியில் எலித்துளை இருக்கலாம். பாட்டரிக்கும் அவ்வாறே. அது முதுமையுற்றிருக்கலாம்; ஆல்டர்னேட்டர் சரிவர நிரப்பாதிருக்கலாம்; அல்லது கார் நிற்கும்போது மின்சாரம் எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கலாம். இம்மூன்றில் எது என்று அறியாமல் புதிய குதிர் வாங்கினால், எலிக்கு மேலும் ஒரு விருந்து வைத்ததாகவே முடியும்.

இயல்பான ஒழுக்கு எவ்வளவு?

சாவியை எடுத்தபின் காரில் மின்சாரமே ஓடாது என்று எண்ணுதல் பொருந்தாது. கடிகாரம், கதவுப் பூட்டின் கருவி, திருட்டுத் தடுப்புச் சாதனம், நினைவகம் உடைய சிறு கணினிகள் ஆகியவை எப்போதும் சிறிதளவு மின்சாரத்தை அருந்திக்கொண்டே இருக்கும். பெரும்பாலான கார்களில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் அளவில் அடங்கும். ஆயிரம் மில்லி ஆம்பியர் ஓர் ஆம்பியர்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய கார்களில் 35 ஆம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள பாட்டரி இருப்பது வழக்கம். நாளொன்றுக்கு 24 மணி நேரமும் 50 மில்லி ஆம்பியர் சென்றால், அன்றாடச் செலவு 1.2 ஆம்பியர்-மணி, முப்பது நாளில் 36. அதாவது, யாதொரு பழுதும் இல்லாத கார்கூட ஒரு திங்கள் நின்றால் தன் சிறிய பாட்டரியைத் தானே காலி செய்துவிடக்கூடும். 25 மில்லி ஆம்பியரே செல்லும் காரிலும் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும். ஊரிலிருந்து திரும்பிய அன்று கார் கிளம்பவில்லை என்பதனால் மட்டும் பழுது உண்டென்று முடிவு கட்டலாகாது.

மாறாக, 5 வாட் உள்ள ஒரு சிறு பல்பு அணையாமல் எரிந்தால் 400 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேலாகச் செலவாகும். ஒரு நாளில் 10 ஆம்பியர்-மணி கரையும். மூன்றரை நாளில் அந்தப் பாட்டரி வெறுமையாகும். அதற்கு முன்பே, இரண்டாம் நாளின் முடிவில், எஞ்சினைச் சுழற்றும் வலுவை இழந்துவிடும். ஓரிரண்டு நாள் நின்றதுமே அடங்கிவிடும் காரில்தான் ஒழுக்கைத் தேட வேண்டும்.

பருவமும் தன் பங்கைச் செலுத்துகிறது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏறுந்தோறும் பாட்டரி தானாகவே வலுவிழக்கும் வேகம் ஏறக்குறைய இருமடங்காகிறது. குளிரிலோ அதன் வேதிவினை மந்தப்படுகிறது. எஞ்சின் எண்ணெயும் தடித்துவிடுகிறது. எனவே வட இந்தியாவில் வைகாசி வெயிலில் கெட்ட பாட்டரி, தன் கேட்டை மார்கழிப் பனியில்தான் வெளிப்படுத்துகிறது.

மூவருள் எவர்?

இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவி மல்டிமீட்டர் ஒன்றே. சில நூறு ரூபாய்க்கு மின்பொருட் கடைகளில் கிடைக்கும். முதலில் அதனை வோல்ட் அளக்கும் நிலையில் வைத்துக்கொள்க. கார் ஓய்ந்து சில மணி நேரம் சென்றபின், பாட்டரியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். 12.6 வோல்டும் அதற்குச் சற்று மேலும் நிறைந்த நிலை; 12.4 ஏறத்தாழ முக்கால், 12.2 பாதி; 12.0 கால், 11.9-க்குக் கீழே வந்துவிட்டால் வெறுமை என்றே கொள்ளலாம்.

அடுத்து எஞ்சினை ஓட்டி அளக்க. பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கிறது. புதிய கார்கள் சிலவற்றில் கணினி இந்த அளவை ஏற்றியும் இறக்கியும் ஆள்வதால், சிறிது நேரம் பொறுத்துப் பார்ப்பது நலம். எஞ்சின் ஓடும்போதும் 12.5 அளவிலேயே நின்றுவிடுமாயின் குறை அங்கேதான். எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் முனையைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் டைனமோக் காலத்தது. இன்றைய கார்களில் அது ஆல்டர்னேட்டரையும் கணினிகளையும் கெடுத்துவிடும். எவர் செய்ய முன்வந்தாலும் தடுத்துவிடுக.

மூன்றாவதே முக்கியமான சோதனை. பாட்டரியைச் சார்ஜர் கொண்டு முழுமையாக நிரப்பி, எதிர்முனையின் கம்பியைக் கழற்றி வைத்து, இரண்டு நாள் விடுக. கம்பி கழற்றிய நிலையிலும் வோல்ட் நன்கு இறங்கிவிட்டால் பாட்டரியே பழுதுற்றது. அதனை மாற்றுவதே வழி. கழற்றியிருக்கும்போது நிலைத்து நின்று, மாட்டிய ஓரிரு நாளில் இறங்கினால் பாட்டரி குற்றமற்றது; காரே மின்சாரத்தைக் குடிக்கிறது. செலவில்லாத இவ்வொரு சோதனை, வேண்டாத பாட்டரிகள் பலவற்றை வாங்காமல் தடுக்கும்.

கண்ணும் கையும் காணக்கூடியவை

ஒழுக்கு உண்டென்று தெளிந்தபின், கருவியை நாடுவதற்கு முன் இரவில் காரைப் பூட்டிவிட்டு ஒருமுறை சுற்றி வருக. பின்புற பிரேக் விளக்குகள் எரிகின்றனவா? பிரேக் மிதியின் அடியில் உள்ள சிறு ரப்பர்த் துண்டு உதிர்ந்துவிட்டால், மிதியைத் தொடாமலேயே அவ்விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். முன்னறைப் பெட்டியின் விளக்கும் டிக்கியின் விளக்கும் மூடியபின் அணைகின்றனவா? கைபேசியைப் படம் பிடிக்கும் நிலையில் உள்ளே வைத்து மூடித் திறந்தால் உண்மை புலப்படும். எப்போதும் மின்சாரம் உள்ள துளையில் சார்ஜரைச் செருகி விட்டிருக்கிறோமா? பின்னால் பொருத்தப்பட்ட கேமரா, இருப்பிடம் காட்டும் கருவி, பெரிய ஒலிபெருக்கி, கூடுதல் பூட்டு ஆகியவை சாவிக்குக் கட்டுப்படாமல் நேராகப் பாட்டரியோடு இணைக்கப்பட்டுள்ளனவா? உற்பத்திச் சாலையிலிருந்து வந்தபின் நாமாகச் சேர்த்தவற்றையே முதலில் ஐயுற வேண்டும்.

பாட்டரியின் மேற்பரப்பையும் நோக்குக. அமிலக் கசிவும் தூசியும் ஈரமும் படிந்திருந்தால் அவற்றின் வழியாகவே சிறிது மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும். கம்பிகளைக் கழற்றியபின், சமையற் சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்து உலர்த்துக. அந்நீர் அறைகளுக்குள் இறங்கலாகாது.

மின்னோட்டத்தை அளத்தல்

இவற்றால் விடை கிட்டாதாயின் மின்னோட்டத்தை அளந்தே தீர வேண்டும். பாட்டரியின் அருகே தீயோ புகையோ கூடாது. அது வெளியிடும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும் தன்மையது. மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிடுக. கழற்றும்போது எதிர்முனை முதலிலும், மாட்டும்போது அது கடைசியிலும் இருக்க வேண்டும். ரேடியோவுக்கு இரகசிய எண் உள்ள காரானால் அதனை முன்பே குறித்துக்கொள்க. மின்சாரக் காரும் ஹைப்ரிட் காரும் உடையோர், செம்மஞ்சள் நிறக் கம்பிகளை எக்காரணத்தாலும் தொடலாகாது. அவற்றில் உயிருக்கு ஊறு செய்யும் உயர் அழுத்தம் உண்டு.

பானெட்டைத் திறந்து வைக்க. பியூஸ் பெட்டி காருக்குள்ளும் இருக்குமாதலின் ஓட்டுநர் கதவையும் திறந்து வைத்து, அதன் தாழ்ப்பாளைத் திருப்புளியால் தள்ளி, கதவு மூடியதாகக் காரை நம்பச் செய்க. பணி முடிந்ததும் தாழ்ப்பாளை மீண்டும் விடுவித்த பின்னரே கதவைச் சாத்த வேண்டும். சாவியைப் பல அடி தொலைவில் வைத்துவிடுக. மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் அமைத்து, அதன் ஒரு முள்ளைப் பாட்டரியின் எதிர்முனையோடும் மற்றொன்றைக் கழற்றிய எதிர்முனைக் கம்பியோடும் இணைக்க. இப்போது காரின் மின்சாரம் முழுதும் மீட்டரின் வழியாகவே செல்லும். இந்நிலையில் எஞ்சினைக் கிளப்ப முயலலாகாது. மீட்டரின் பியூஸ் அந்நொடியே எரிந்துவிடும்.

இங்கே வேண்டுவது பொறுமை. கம்பியை மீண்டும் இணைத்ததும் காரின் கணினிகள் விழித்துக்கொள்ளும். மீட்டர் பல ஆம்பியர்கூடக் காட்டலாம். அதனைக் கண்டு பழுதென்று அஞ்ச வேண்டா. அவை ஒவ்வொன்றாக உறங்கச் செல்ல அரை மணி நேரமும், சில கார்களில் ஒரு மணி நேரமும் ஆகும். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கினால் குறை இல்லை. நூற்றுக்கணக்கில் நின்றுவிட்டால் ஒழுக்கு உறுதியாயிற்று.

அதன்பின் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து மீட்டரை நோக்க வேண்டும். எடுத்ததும் எண் மாறாவிடில் அதனை இருந்த இடத்திலேயே செருகி அடுத்ததற்குச் செல்க. சில வேளைகளில் செருகியதும் ஏதேனும் ஒரு கணினி விழித்துக்கொண்டு எண்ணை ஏற்றிவிடும். அது மீண்டும் உறங்கும்வரை காத்திருக்க. எந்தப் பியூஸை எடுத்ததும் எண் திடீரென்று இறங்குகிறதோ, அதன் கிளையில்தான் குறை உள்ளது. அக்கிளை எவ்வெவற்றிற்கு மின்சாரம் தருகிறது என்பது பியூஸ் பெட்டியின் மூடியிலோ காரின் கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். ஓய்ந்து நெடுநேரமாகியும் ஏதேனும் ரிலே ஒன்று தொடச் சூடாக இருந்தால் அதனையும் ஐயுறலாம்.

எல்லாப் பியூஸ்களையும் எடுத்தும் எண் இறங்கவில்லையெனில், பியூஸ் பெட்டியைச் சாராமல் பாட்டரியோடு நேரடித் தொடர்புள்ளவற்றை நோக்க வேண்டும். அவற்றுள் தலையாயது ஆல்டர்னேட்டர். அதனுள் இருக்கும் டையோடுகள், மின்சாரம் பாட்டரியை நோக்கிச் செல்ல வழிவிட்டு, திரும்பி வாராமல் தடுப்பவை. அவற்றுள் ஒன்று பழுதானால் நிற்கும் காரில் மின்சாரம் பின்னோக்கி ஒழுகும். டைனமோ பொருத்திய பழைய அம்பாசிடர் கார்களில் இக்காவலைக் 'கட்-அவுட்' என்ற சாதனம் செய்து வந்தது. அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால் இதே விளைவுதான். காவல் முறை மாறியதேயன்றிக் களவு மாறவில்லை. இச்சோதனையை அறிந்த மின் மெக்கானிக்கிடம் விட்டுவிடுதலே தக்கது.

இரையும் குற்றவாளியும்

தில்லியில் வாழும் அன்பர் ஒருவர் இல்லத்தில் நிகழ்ந்ததை இங்கே கூறுவது பயன்படும். அவர் வாங்கிய பழைய கார், சனி ஞாயிறு இரண்டு நாள் நின்றால் திங்களன்று கிளம்புவதில்லை. ஓராண்டிற்குள் இரு பாட்டரிகள் மாற்றியாயிற்று. இருமுறையும் கடையில் சோதித்து, "பாட்டரி கெட்டுவிட்டது" என்றே கூறினர். மூன்றாவது வாங்குமுன் அளந்து பார்க்குமாறு நாம் வேண்டினோம். ஒரு மணி நேரம் பொறுத்தபின்னும் மீட்டர் 440 மில்லி ஆம்பியரில் நின்றது. உள்விளக்குகளின் பியூஸை எடுத்ததும் 30-க்கு இறங்கிற்று. காரின் பின்புறம் எப்போதோ இடிபட்டுச் சீர் செய்யப்பட்டிருந்தது. அதனால் டிக்கியின் மூடி, விளக்கை அணைக்கும் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை. மூடிய இருளுக்குள் 5 வாட் பல்பு ஒன்று ஓராண்டு காலம் எரிந்துகொண்டிருந்தது! பொத்தான் தாங்கியைச் சிறிது வளைத்ததோடு செலவு முடிந்தது.

கடைக்காரர் பொய் கூறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வெறுமையாகி நிற்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு மீளாது. ஆகவே அவ்விரு பாட்டரிகளும் கெட்டது மெய். ஆயின் அவை குற்றவாளிகள் அல்ல, குற்றத்திற்கு இரையானவை. "பாட்டரி கெட்டதா?" என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், "ஏன் கெட்டது?" என்றும் கேட்டால்தான் அடுத்த பாட்டரி பிழைக்கும்.

ஊர் செல்லுமுன்

இரண்டு வாரத்திற்கு மேல் கார் நிற்குமாயின், புறப்படுமுன் பாட்டரியை நன்கு நிரப்பி எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அது மீண்டும் முனையைத் தொடாதவாறு துணி சுற்றி வைத்துச் செல்க. மின்சாரத்தால் திறக்கும் டிக்கியானால் அதனுள் வேண்டிய பொருளை விட்டுச் செல்லலாகாது. கதவைத் திறக்க உலோகச் சாவி வேண்டும். அதுவும் கையில் இருக்கட்டும். திருட்டு எச்சரிக்கை மணியும் அப்போது ஒலிக்காது. காவல் உள்ள இடத்தில் காரை நிறுத்துக. கம்பியைக் கழற்றக் கூடாதென்று கையேடு கூறுமாயின், அதற்கேற்ற பராமரிப்புச் சார்ஜரைப் பயன்படுத்தலாம். அண்டை வீட்டாரிடம் சாவி கொடுத்து, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டச் சொல்வதால் பயன் சிறிதே. ஸ்டார்ட்டர் எடுத்ததை நிரப்பி மிச்சம் சேர அந்நேரம் போதாது. அரை மணி நேரத்திற்குக் குறையாமல் சாலையில் ஓட்டி வருவதே பயன் தரும்.

திரும்பியபின் கார் கிளம்பாமல் அடுத்தவர் பாட்டரியின் உதவியை நாடினால், கையேட்டின் முறையை ஒட்டியே செய்க. நேர்முனைகளை முதலில் இணைத்து, நல்ல பாட்டரியின் எதிர்முனையில் மாட்டிய கம்பியின் மறுநுனியை, நம் காரின் எஞ்சின் உலோகத்தில், பாட்டரிக்கு எட்டத்தில் கடைசியாகப் பொருத்த வேண்டும். கிளம்பிவிட்டதே என்று அதனோடு விட்டுவிடாமல், அன்றே சார்ஜரில் வைத்துப் பல மணி நேரம் நிரப்புக; முற்றும் வெறுமையான பாட்டரியை அரை மணிப் பயணம் நிறைத்துவிடாது.

அளந்தறிந்து வாங்குவோர்க்கு வீண்செலவு இல்லை. புதிய பாட்டரிக்குப் பணம் எண்ணுமுன், மீட்டரின் எண்ணை ஒருமுறை நோக்குமாறு நம் அன்பர்களை வேண்டுகிறோம்.